தவிடு போகாத கம்பங்கூழ்: முதல்முறை காய்ச்சுபவர்களுக்கு

வீட்டில் கூழ் காய்ச்சுவது பெரிய வேலை என்ற பயம் நிறைய பேருக்கு இருக்கிறது. உண்மையில் நாம் அடுப்படியில் நிற்க வேண்டியது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். மற்றதெல்லாம் தானாக ஊறும், தானாகப் புளிக்கும். வெள்ளி இரவு ஆரம்பித்தால் ஞாயிறு காலை கூழ் தயார்.

கம்பை ஏன் முழுதாகவே எடுக்கச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் சுமார் 11 கிராம் நார்ச்சத்தும் 6.4 மில்லிகிராம் இரும்பும் இருக்கின்றன. தீட்டிய வெள்ளை அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் கீழே, இரும்பு 1 மில்லிகிராம்கூட இல்லை. தானியத்தின் நாரும் தாதுக்களும் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் இருக்கின்றன. தீட்டும்போது போவது அவைதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியுமாக இருக்கும் வீட்டில் அந்த அளவை எட்டுவது கஷ்டம்.

வெள்ளி இரவு: ஊற வைப்பது

நான்கு பேருக்கு ஒரு டம்ளர் கம்பு போதும், ஏறக்குறைய 200 கிராம். மாவாக வாங்காதீர்கள். கம்பின் முளைக்கருவில் கொழுப்பு அதிகம் என்பதால் அரைத்த மாவு சில நாளிலேயே காறலடித்துக் கசக்கும். முழுக் கம்பு அப்படிச் சீக்கிரம் கெடாது. கல், தூசி பார்த்து, மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, நிறைய தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள்.

சனி காலை: அரைத்துப் புளிக்க வைப்பது

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கம்பை வடிகட்டி, துணியில் அரை மணி நேரம் பரப்பிவிட்டு, மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ரவையைவிடக் கொஞ்சம் பெரிய குருணையும் மாவும் கலந்த பதம் வேண்டும். நைசாக அரைத்தால் சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையும் வேகமாக ஏறும், அதனால் கொரகொரப்புதான் நல்லது. சலிக்க வேண்டாம், சலித்தால் தவிடு போய்விடும்.

இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மூடி வையுங்கள். சென்னை வெயிலுக்கு 8 மணி நேரம் தாராளம், குளிரான ஊரில் 12 மணி வரை ஆகும். இந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல. தவிட்டில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஊறும்போதும் புளிக்கும்போதும் அந்த அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. தவிட்டையும் விடாமல், அதன் தொல்லையையும் குறைக்கும் இந்த வழியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

லேசான புளித்த வாசம், சின்னச் சின்ன குமிழ் வந்தால் சரி. பூஞ்சை தெரிந்தாலோ அழுகல் நாற்றம் அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சனி மாலை: காய்ச்சுவது

அடி கனமான பாத்திரத்தில் மூன்று டம்ளர் தண்ணீரைக் கொதிக்க விட்டு, புளித்த கரைசலைக் கிண்டிக்கொண்டே ஊற்றுங்கள். தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் வேகட்டும். முதல் ஐந்து நிமிடம் கிண்டுவதை நிறுத்தவே கூடாது, கட்டி விழுவது அந்த நேரத்தில்தான். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் வெந்த பதம். ஆறியதும் உருண்டை பிடித்து, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் போட்டு மூடிவிடுங்கள்.

ஞாயிறு காலை: கரைத்துக் குடிப்பது

உருண்டையை அந்தத் தண்ணீரிலேயே கரைத்து, அயோடின் கலந்த உப்பைக் கொஞ்சமாகப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிச் சேருங்கள். மோர் ஊற்றுவதுதான் வழக்கம். பால் பொருள் வேண்டாதவர்கள் அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். டீ, காபி இதற்கு நேர்மாறு. கூழ் குடித்து ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், அப்பளம், வற்றல் என்று போனால் உப்பும் எண்ணெயும்தான் ஏறும். பாசிப்பயறு சுண்டலும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்துப் பாருங்கள். கம்பில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு, புரதக் கணக்கு அங்கே சரியாகிவிடும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

நார்ச்சத்து பழகாத வயிறு முதலில் உப்பும், காற்று பிரியும். அரை டம்ளர், வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆரம்பியுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். நாரைச் செரிக்க நம் உடம்பால் முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் அதைப் புளிக்க வைத்து, குடல் செல்களுக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை பழக நாளாகும்.

சர்க்கரை நோயாளிகள் கூழைச் சோற்றுக்குப் பதிலாக எடுக்க வேண்டும், சோற்றோடு கூடுதலாக அல்ல. மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். தைராய்டு சிக்கல் உள்ளவர்கள் தினமும் கம்பையே பிரதானமாக வைக்க வேண்டாம், கம்பிலுள்ள சில பொருட்கள் அந்தச் சுரப்பியின் வேலையைத் தடுக்கக்கூடும். பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுக்கத் தாவர உணவுக்கு மாறுபவர்கள் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள், கூழோ கீரையோ அதைத் தராது.

மீதி உருண்டைகளை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். வெளியே வைத்தவற்றை ஞாயிறு மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.