காசு செலவழிக்காமல் வீட்டுக் கணினியைப் பாதுகாக்க
விண்டோஸுடனேயே டிஃபெண்டர் என்னும் வைரஸ் தடுப்பு வருவதால், வீட்டுக் கணினிக்குத் தனியாக ஒன்றை வாங்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமானால் அதற்கு மாறிவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது பயனர் கணக்கை. அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கொன்றை வைத்துக்கொண்டால், ஏதேனும் ஒரு நிரல் கணினியின் அமைப்பையே மாற்ற முயலும்போது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டுத் திரை நிற்கும். நீங்கள் எதையும் நிறுவாத நேரத்தில் அப்படிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பட்டியலில் கோப்புப் பெயரின் கடைசியில் அதன் வகையைக் காட்டும் பின்னொட்டு (எக்ஸ்டென்ஷன்) தெரியும்படியும் அமைத்துக்கொள்ளுங்கள், ‘பில்.பிடிஎஃப்’ என்று நம்பித் தரவிறக்கியது உண்மையில் ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்ற பெயரில் உள்ள, திறந்ததும் இயங்கிவிடும் நிரல் என்பது அப்போதுதான் கண்ணில் படும். படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்தவுடன் அதைக் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடக்கூடும்.