டெக்கிலா பாட்டிலில் மண்ணையும் அறுவடையையும் கண்டுபிடிப்பது எப்படி

எனக்கு ஊர் பர்கூர் பக்கம், வீட்டில் மாந்தோப்பு. வேலை பெங்களூரில் ஒரு பாரில். டெக்கிலா என்பது மெக்சிகோவில் அகாவே என்ற கத்தாழை வகையிலிருந்து வடிக்கும் மது. எந்த டெக்கிலா நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் விலையைச் சொல்வதில்லை; செடி எங்கே வளர்ந்தது, எப்போது வெட்டினார்கள் என்பதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

முதலில் லேபிளில் '100% அகாவே' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் 49 சதவீதம் வரை வேறு சர்க்கரை சேர்ந்திருக்கலாம். அதில் மண்ணின் ருசியைத் தேடிப் பயனில்லை. அப்புறம், பீப்பாயில் ஊறாத 'பிளாங்கோ'வையே வாங்குங்கள். மரவாசனை செடியின் வாசனையை மூடிவிடும்.

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் லோஸ் ஆல்டோஸ் என்பது மேட்டுநிலம். சுமார் 2,000 மீட்டர் உயரம், நம் ஊர் போலச் செம்மண், இரவில் குளிர். அங்கே வளர்வதில் பழவாசனையும் பூவாசனையும் தூக்கலாக இருக்கும். டெக்கிலா ஊர் இருக்கும் பள்ளத்தாக்கு சுமார் 1,200 மீட்டர், எரிமலை மண். அங்கே பச்சிலை வாசமும் மிளகுக் காரமும் அதிகம். ஆனால் பள்ளத்தாக்கு ஆலைகள் மேட்டுநிலச் செடியையும் வாங்குவதுண்டு. லேபிளில் 'நோம்' என்று இருக்கும் நான்கு இலக்க எண் ஆலையைத்தான் காட்டும், வயலை அல்ல. அதனால் வயலின் பெயரையே போட்டிருக்கும் பாட்டிலை நான் அதிகம் நம்புவேன்.

என்னைக் கேட்டால் மண்ணைவிட அறுவடைதான் பெரிய விஷயம். நம் வேலியோரக் கத்தாழை பூத்தண்டு விட்டதும் சேர்த்த சத்தெல்லாம் மேலே ஏறிவிடும், பூத்து முடிந்தால் செடியே காய்ந்துபோகும். அங்கே அகாவேயில் தண்டு தலைகாட்டியதுமே அந்தத் தண்டை வெட்டிவிடுகிறார்கள். சர்க்கரை அடியிலேயே தங்கும். செடி நன்கு முற்ற ஆறேழு வருஷமாவது ஆகும். முற்றியதன் மேல் செம்பழுப்புத் திட்டுகள் தெரியும். விலை ஏறும் காலத்தில் மூன்று நான்கு வருஷத்திலேயே வெட்டிவிடுவார்கள். அந்தச் சரக்கு வெறும் காரமாக இருக்கும். மழைக்குப் பின் வெட்டினால் தண்ணீர் ஏறிச் சர்க்கரை நீர்த்துப்போகும், மழையில் நனைந்த மாம்பழம் சப்பென்று ஆவது போல. இலையடியை ஒட்டச் சீவாமல் பச்சையாக விட்டால் கசப்பு வரும்.

சரி, ருசிப்பது எப்படி? மேட்டுநிலத்தில் ஒன்று, பள்ளத்தாக்கில் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுங்கள். ஐஸ், உப்பு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். முகர்ந்து, கொஞ்சமாக வாயில் வைத்து, பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். முற்றிய செடியென்றால் வேகவைத்த கிழங்கின் இனிப்பு நாக்கில் நிற்கும்.

மூன்றாவதாக, தக்காணக் கத்தாழையில் இந்தியாவிலேயே வடித்த பாட்டில் கிடைத்தால் வையுங்கள். சட்டப்படி அதை டெக்கிலா என்று அழைக்க முடியாது, ஆனாலும் நம் மண்ணுக்குப் பக்கத்து மண்ணின் ருசி அதில் இருக்கிறது.