திறமூல கேம் உருவாக்குவோருக்கு ஒரு தளம்: திட்டத்தை உரிமத்திலிருந்து தொடங்குங்கள்

திறமூல கேம், அதாவது யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிடும் கேம், செய்பவர்களுக்கு நிரலால் வரும் சிரமம் குறைவு. கோடாட் போன்ற இன்ஜின்கள் (கேம் செய்ய உதவும் அடிப்படை மென்பொருள்கள்) கட்டுப்பாடு மிகக் குறைந்த எம்ஐடி உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தட்டுப்பாடெல்லாம் படம், ஒலி, இசை, அவற்றைச் செய்துதரும் ஆட்கள் ஆகியவற்றில்தான். ஆகவே இவர்களுக்காகத் தளம் தொடங்குகிறவர்கள் அரட்டைப் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் ஏற்றிய படத்தை இன்னொருவர் பயமில்லாமல் தன் கேமில் சேர்க்க என்னென்ன தகவல் வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கும் முன் எல்லையைக் குறுக்குங்கள். கேம் படங்களையும் ஒலிகளையும் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளம் 2009 முதல் இயங்குகிறது. 2024 வரை மைன்டெஸ்ட் என்றிருந்த லுவாண்டி என்ற திறமூல கேம் இன்ஜினுக்கு கன்டென்ட்டிபி இருக்கிறது, கோடாட்டுக்கு அசெட் லைப்ரரி இருக்கிறது; இரண்டும் பயனர்கள் தங்கள் படைப்புகளை ஏற்றும் களஞ்சியங்கள். எல்லாம் கிடைக்கும் தளம் என்று இன்னொன்றைத் திறந்தால் அது காலியாகத்தான் கிடக்கும். ஒரே பாணியில் வரைந்த 2டி படங்கள் மட்டும், அல்லது பறை, தவில், நாதஸ்வர ஒலித்துணுக்குகள் மட்டும் என்று வையுங்கள். 2012இல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் என்ற திறமூல கேம் போட்டிக்கு முதலில் எழுதப்பட்டது ஒரு பாணி வழிகாட்டி. 32க்கு 32 பிக்சல் கட்டம், பார்வைக் கோணம், வெளிச்சம் விழும் திசை எல்லாம் அதில் முடிவாகிவிட்டன. அதனால்தான் ஒருவரையொருவர் அறியாத ஓவியர்களின் படங்கள் இன்றும் ஒரே கேமில் பொருந்துகின்றன.

இனி உரிமம். பதிவேற்றப் படிவத்தில் உரிமத்தைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். தட்டச்சு செய்ய விட்டால் ‘ஃப்ரீ’, ‘ராயல்ட்டி ஃப்ரீ’, ‘யாரும் எடுத்துக்கலாம்’ என்றெல்லாம் வந்து விழும். இவற்றில் எதுவும் உரிமம் இல்லை. நிரலுக்கு ஒரு பெட்டி, படம் மற்றும் ஒலிக்கு இன்னொரு பெட்டி எனப் பிரியுங்கள். கன்டென்ட்டிபி அப்படித்தான் செய்கிறது. 0 ஏ.டி. போன்ற கேம்களில் நிரல் ஜிபிஎல் என்ற திறமூல நிரல் உரிமத்திலும் படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பிஒய்-எஸ்ஏ உரிமத்திலும் இருப்பதால் ஒற்றைப் பெட்டியில் உண்மையைச் சொல்ல முடியாது.

படம், ஒலிக்கான பட்டியலில் நிபந்தனை இல்லாத சிசி0, படைத்தவர் பெயரைச் சொல்லக் கேட்கும் சிசி பிஒய், அதோடு தழுவியதையும் அதே உரிமத்தில் தரக் கேட்கும் சிசி பிஒய்-எஸ்ஏ, ஜிபிஎல் போதும். எழுத்துருவுக்கு மட்டும் எஸ்ஐஎல் ஓஎஃப்எல் சேருங்கள். பதிப்பு எண் கட்டாயம். பிஒய்-எஸ்ஏ 4.0 படத்தைத் தழுவிச் செய்ததை ஜிபிஎல் 3இல் வெளியிடலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் 2015இல் அறிவித்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. 3.0 பதிப்புக்கு அந்த அனுமதி நேரடியாக இல்லை. எண் இல்லாத ‘பிஒய்-எஸ்ஏ’யை வைத்துக்கொண்டு ஜிபிஎல் கேம் செய்பவர் எந்த முடிவும் எடுக்க முடியாது. வணிகத் தடை கொண்ட என்சி, மாற்றத் தடை கொண்ட என்டி இரண்டையும் ஏற்காதீர்கள். அவை கலந்த கேம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முதன்மைத் தொகுப்புக்குள் போகாது, என்சி கலந்ததை ஒரு சிடியில் போட்டு விற்கவும் முடியாது. நல்ல ஓவியர் ஒருவர் என்சிதான் தருவேன் என்று நின்றால் மனசு கஷ்டப்படும். அவருக்காக விதியைத் தளர்த்தினால், பிறகு ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலைக்குப் பயனர் வந்துவிடுவார்.

ஏற்றியவரே படைத்தவர் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. படைத்தவர் பெயர், மூலம் இருக்கும் இணைப்பு, மூலத்தின் உரிமம், செய்த மாற்றம் என நான்கு கட்டங்கள் வையுங்கள். தளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் திருத்தியது என்றால், தாய்ப் படைப்பை அங்கேயே இணைக்க வழி வேண்டும். பிக்சல் கப் பாணிக் கதாபாத்திரம் ஒன்றில் உடல் ஒருவர், முடி ஒருவர், கவசம் ஒருவர் என வரைந்திருப்பார்கள். அத்தனை பெயரையும் கையால் சேகரித்து எழுத யாருக்கும் பொறுமை இருக்காது. எனவே தேர்ந்தெடுத்த படைப்புகளுக்கெல்லாம் சேர்த்து நன்றிப் பட்டியலைத் தளமே உரைக் கோப்பாகத் தர வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் மற்ற வசதிகளைத் தள்ளிப்போட்டாவது இதை முதலில் கட்டுங்கள்.

வணிக கேம்களிலிருந்து உருவியெடுத்த படங்கள் கட்டாயம் வரும். புகார் வந்ததும் கோப்பை மறையுங்கள், விசாரியுங்கள். ஆனால் பக்கத்தை அழிக்காதீர்கள். ஏற்கெனவே இறக்கியவர் திரும்பி வந்து பார்க்கும்போது, ஏன் நீக்கப்பட்டது என்ற குறிப்பு அங்கே இருக்க வேண்டும். ஏஐ உருவாக்கிய படங்களை ஏற்பதா இல்லையா என்பதையும் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். பாதியில் முடிவெடுத்தால் பழைய படங்களைத் தரம் பிரிப்பது பெரும் வேலை.

கோப்புகளைப் பொறுத்தவரை, முடிந்த பிஎன்ஜி மட்டும் போதாது. ஜிபிஎல்லில் ‘மூலம்’ என்றால் திருத்துவதற்கு ஏற்ற வடிவம் என்று பொருள். படம் செய்த பிளெண்டர், கிரிட்டா போன்ற மென்பொருளின் கோப்பையும் கேளுங்கள். ஒரு படைப்புக்கு 50 எம்பி வரம்பு தொடக்கத்துக்குப் போதும். சராசரி 5 எம்பி என்றால் 1,000 படைப்புக்கு 5 ஜிபிதான் ஆகும். செலவு வைப்பது இடமல்ல, பதிவிறக்கம். நாளுக்கு 2,000 முறை இறக்கினால் 10 ஜிபி, மாதம் 300 ஜிபி. சர்வர் வாங்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள்.

முன்னோட்டப் படத்தில் பலர் சறுக்குகிறார்கள். 16 பிக்சல் படத்தை வழக்கமான முறையில் பெரிதாக்கினால் கலங்கிப்போகும், ஜேபெக்காக மாற்றினால் விளிம்பெல்லாம் அழுக்குப் படியும். அருகிலுள்ள பிக்சலையே நகலெடுக்கும் முறையில் 2, 3, 4 என முழு மடங்குகளில் பெரிதாக்கி பிஎன்ஜியாகவே வையுங்கள். ஒலிக்கு எம்பி3 முன்னோட்டம் தனியாகச் செய்யுங்கள், ஓக் வடிவ ஒலிக் கோப்பைப் பழைய சஃபாரி உலாவி இயக்காது. இன்ஜின் பெயரையும் பதிப்பையும் கேட்பது நம்மவர்களுக்கு இன்னும் முக்கியம். கோடாட் 3 தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காது, ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 2023இல் வந்த கோடாட் 4இல்தான் அது சரியானது.

எஸ்விஜி வடிவப் படக் கோப்புக்குள் ஸ்கிரிப்ட், அதாவது உலாவி இயக்கும் நிரல், ஒளிந்திருக்கலாம். உலாவியில் ஓடும் கேமோ முழுக்க ஸ்கிரிப்ட்தான். இரண்டையும் உங்கள் முதன்மை டொமைனில் வைத்தால் பயனரின் உள்நுழைவுக் குக்கியைத் திருட வழி கிடைத்துவிடும். தனி டொமைன் ஒன்று வாங்கி, பயனர் ஏற்றியவற்றை அங்கிருந்து மட்டும் கொடுங்கள். கிட்ஹப் 2013இல் பயனர் பக்கங்களை வேறு டொமைனுக்கு மாற்றியதும் இதற்காகத்தான்.

கலந்துரையாட டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளை நிறுவினால் குறைந்தது 1 ஜிபி ரேம் வேண்டும், 2 ஜிபி இருந்தால் நிம்மதி. அதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மின்னஞ்சலில். பல கிளவுட் நிறுவனங்கள் மின்னஞ்சல் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பதால் உறுதிப்படுத்தும் கடிதம் போகாது, யாரும் சேர முடியாது. அனுப்பும் சேவை ஒன்றை அமர்த்தி, கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைப் போட்டுச் சோதித்த பிறகே திறங்கள்.

‘ஓவியர் தேவை’ அறிவிப்புகளுக்குக் கறாரான விதி வேண்டும். ஓடிக்காட்டும் கேம் அல்லது நிரல் களஞ்சிய இணைப்பு, எத்தனை படம், எந்த உரிமம் என்பவை இல்லாமல் வெளியிடாதீர்கள். 60 நாளில் தானாக மூடட்டும். வெறும் யோசனையோடு வந்து ஆள் கேட்கும் அறிவிப்புகள் குவிந்தால், கைவேலை தெரிந்தவர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

திறமூல நிரல்களை வைத்திருந்த கூகுள் கோட் தளம் 2016இல் மூடியது. வெஸ்நாத் என்ற திறமூல கேம் தன் பிழைப் பட்டியலை வைத்திருந்த ஞா தளம் 2017இல் நின்றது. உங்களுடையதும் ஒருநாள் நிற்கலாம். டொமைன் கணக்கின் சாவி குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை எல்லாக் கோப்புகளையும், அவற்றின் உரிமம், படைத்தவர், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ-256 எண் அடங்கிய ஜேசான் வடிவ உரைக் கோப்போடு யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு வெற்றுக் கணினியில் விரித்து, ஏதாவது இருபது படங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் படைத்தவர் பெயரும் உரிமப் பதிப்பும் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.