ஈபிவி பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா? நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் லேப்பில் ஒரு பேக்கேஜ் போட்டு முழு உடல் பரிசோதனை செய்துகொண்டாள். ரிப்போர்ட்டில் 'ஈபிவி ஐஜிஏ ரியாக்டிவ்' என்று ஒரு வரி. இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள், கூகளில் தேடினாளாம், மூக்குப் புற்றுநோய் என்று வந்ததாம். இந்த விஷயத்தில் நம்மவர்கள் ஒன்று வீணாக நடுங்குகிறார்கள், இல்லையென்றால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் நான் வீட்டிலேயே பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈபிவி என்பது எப்ஸ்டைன்-பார் வைரஸ். உலகத்தில் பெரியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் உடம்பில் இது உண்டு, பெரும்பாலும் சின்ன வயதிலேயே எச்சில் வழியாக வந்துவிடும். ஐஜிஜி, ஐஜிஏ இரண்டும் வைரஸை எதிர்க்க நம் உடம்பு செய்யும் புரதங்கள். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ இந்த வைரஸ் உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐஜிஏ கொஞ்சம் வேறு. மூக்கின் பின்பக்கப் புற்றுநோய் உள்ளவர்களில் பலருக்கு அது கூடியிருக்கும், அதனால்தான் நம் ஊர் லேப்கள் அதைப் பேக்கேஜில் சேர்க்கின்றன. ஆனால் புற்றுநோயே இல்லாத பலருக்கும் அது கூடும். ஆகவே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டரைப் போய்ப் பாருங்கள், மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுப் பார்ப்பார், சில நிமிட வேலை. ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்தாலும், உடம்பில் அறிகுறி இருந்தால் அந்தக் காகிதத்தை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

ஈபிவி ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் என்று சொன்னதும் சித்தியின் முகம் மாறிவிட்டது. "அது தப்பான பழக்கத்தால வர்றதாச்சே?" என்றார். இந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டே பலர் ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கிறார்கள். மனிதர்களைப் பிடிக்கும் ஹெர்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. சின்னம்மையும் அக்கியும் கூட அந்தக் குடும்பம்தான். அந்த ஒன்பதில் புற்றுநோயோடு உறுதியாகத் தொடர்பு காட்டப்பட்டவை இரண்டு: ஈபிவியும், 1994இல் யுவான் சாங்கும் பேட்ரிக் மூரும் கண்டுபிடித்த, தோலில் ஊதாத் திட்டாக வரும் கபோசி சர்கோமா என்ற புற்றுநோய்க்குக் காரணமான கேஎஸ்ஹெச்வி வைரஸும். உதட்டில் கொப்புளம் போடும் வைரஸைப் பார்த்துப் புற்றுநோய் பயம் கொள்ளத் தேவையில்லை. 13 வயதில் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி, கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் ஹெச்பிவி வைரஸுக்கு, அது வேறு குடும்பம். அந்த ஊசி ஈபிவியைத் தடுக்காது, ஈபிவிக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.

சரி, 'உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் ஒன்றும் செய்யாது' என்பது இன்னொரு தவறு. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஈபிவி நம் ரத்தத்தில் பி செல் என்ற வெள்ளை அணுக்களுக்குள் போய்த் தங்குகிறது. தன் டிஎன்ஏவை ஒரு சின்ன வளையமாக வைத்துக்கொண்டு, ஈபிஎன்ஏ-1 என்ற புரதத்தால் நம் குரோமோசோமோடு அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது, செல் இரண்டாகப் பிரியும்போது வளையமும் இரண்டு பக்கமும் போய்விடும். தங்கியிருக்கும் காலத்தில் சில நேரம் எல்எம்பி-1 என்று ஒரு புரதத்தையும் செய்யும். 'வளரு, சாகாதே' என்று செல்லுக்குச் சொல்லும் ஒரு சுவிட்ச் நம் உடம்பில் உண்டு, அளவாகப் போட்டு அளவாக அணைக்கப்படும் சுவிட்ச் அது. எல்எம்பி-1 அதே வேலையைச் செய்யும், ஆனால் அணையவே அணையாது. நல்ல ஆரோக்கியம் உள்ள உடம்பில் டி செல்கள் என்ற காவல் வெள்ளை அணுக்கள் இப்படிப்பட்ட செல்களைக் கண்டுபிடித்துக் கொன்றுவிடும், வைரஸும் கிட்டத்தட்ட எல்லாப் புரதத்தையும் நிறுத்திவிட்டு அடங்கிக் கிடக்கும். காவல் தளர்ந்தாலோ, செல்லின் மரபணுவில் வேறு பழுதுகள் சேர்ந்தாலோதான் கதை மாறுகிறது. மூக்கின் பின்பக்கக் கட்டிகளைப் பரிசோதித்தபோது, கட்டியின் செல்களில் இருந்தவை ஒரே வைரஸின் நகல்கள் என்று தெரிந்தது, அதாவது கட்டி பெருகத் தொடங்கும் முன்பே வைரஸ் அந்த முதல் செல்லுக்குள் இருந்திருக்கிறது. வைரஸ் மட்டும் போதாது, அது இல்லாமலும் இந்த வகைக் கட்டி பெரும்பாலும் வராது.

இதைப் புரிந்துகொண்டால் ஹெர்பிஸ் வைரஸுக்குத் தரும் ஏசைக்ளோவிர் மாத்திரையை வாங்கிப் போட்டு 'கிருமியைக் கழுவலாம்' என்று ஏன் நினைக்கக் கூடாது என்பதும் புரியும். அந்த மருந்து, வைரஸ் தன் சொந்த இயந்திரத்தால் பெருகும்போதுதான் பிடிக்கும். அடங்கிக் கிடக்கும்போது அதை நகலெடுப்பது நம் செல்லே, மருந்துக்குப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. கசாயப் பொடி விற்பவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

'அது சீனர்களுக்கு வர்ற நோய்' என்று பினாங்கில் நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மலேசியாவில் மூக்குப் புற்றுநோய் சீனர்களிடம் அதிகம், உண்மைதான். சரவாக்கில் பிடாயூ மக்களிடமும் அதிகம். இந்தியர்களுக்குக் குறைவு, ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. பரம்பரையோடு, சீன முறையில் உப்பிட்ட மீனைச் சிறு வயதிலிருந்து சாப்பிடுவதும், புகையிலையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் ஒரு காது அடைப்பை ஐந்து மாதம் நல்லெண்ணெய் விட்டே சமாளித்தார், கடைசியில் கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் டாக்டரிடம் போனார். ஏன் காது என்று கேட்கலாம். இந்தக் கட்டி பெரும்பாலும் தொடங்கும் பள்ளம், காதையும் மூக்கையும் இணைக்கும் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டி அதை அடைத்தால் காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். பெரியவர் ஒருவருக்கு ஒரே பக்கம் காது அடைத்து இரண்டு மூன்று வாரமாகியும் விடவில்லை, சளியில் ரத்தம், ஒரு பக்க மூக்கடைப்பு, கழுத்தில் வலியில்லாத கட்டி, பொருள் இரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் கிளினிக்கில் சொட்டு மருந்தோடு நிறுத்தாமல், மூக்கின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் ரேடியோதெரபிக்கு மிக நன்றாகக் குணமாகும் நோய் இது.

சித்தி அடுத்த நாளே மகளுக்குத் தனித் தட்டு எடுத்து வைத்துவிட்டார். தேவையே இல்லை. வைரஸ் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, புற்றுநோய் தட்டால் ஒட்டாது.

அப்புறம், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும் எச்ஐவியோடு வாழ்பவர்களும் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன டி செல் காவல் அவர்களுக்குக் குறைவு. விடாத காய்ச்சல், எடை குறைவு, அங்கங்கே நெறி கட்டுவது, தோலில் ஊதா நிறத் திட்டு இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, அந்தக் காவலை அடக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதைக் குறைப்பதே சில நேரம் சிகிச்சையின் முதல் படி, எவ்வளவு குறைப்பது என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும், தவறினால் சிறுநீரகமே போய்விடும்.

என் தங்கைக்கு கேமரா வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.