ஹைக்கூ ஓஎஸ்ஸுக்கு போர்ட் பண்ணுதீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிராதீங்க

பெருமாள்புரத்துல நம்ம தெருத் தம்பி ஒருத்தன் ஒரு பழைய சி லைப்ரரிய ஹைக்கூ ஓஎஸ்ஸுல ஓடுத மாதிரி மாத்துதேன்னு (அதான் போர்ட் பண்ணுதது) உக்காந்தான், ரெண்டு நாளா "அண்ணாச்சி கம்பைல் ஆயிட்டு, ஆனா ஓட்டுனா கிராஷ் ஆவுது"ன்னு ஒரே புலம்பல். போய்ப் பாத்தா மொத அடியிலயே பொய் சொல்லி வச்சிருக்கான். கம்பைலுக்கு முன்னால சிஸ்டத்த சோதிக்குத கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், இந்த சிஸ்டம் எனக்குத் தெரியாதுன்னு நின்னுருக்கு, இவன் ஹோஸ்ட்டுங்கற எடத்துல, அதாவது எந்த சிஸ்டத்துல ஓடணும்ங்கற எடத்துல, லினக்ஸ்னு எழுதிக் குடுத்துட்டான்.

ஏல, அது லினக்ஸ் இல்லல்லா! பீஓஎஸ்ங்கற பழைய ஓஎஸ் போனப்புறம் அத திருப்பி எழுதணும்னு 2001-ல ஆரம்பிச்ச தனி சிஸ்டம் அது, கெர்னலே வேற. லினக்ஸ்னு சொல்லிட்டா ஸ்கிரிப்ட் லினக்ஸ்ல உள்ள ஈபோல் இருக்கும், ப்ராக் ஃபோல்டர் இருக்கும்னு நம்பி பில்டு பண்ணும், அப்புறம் நீங்க ஒவ்வொண்ணா பேட்ச் போட்டு பிடுங்கிட்டே கெடக்கணும். உள்ளபடி கோளாறு என்னன்னா லைப்ரரியோட வந்த கான்ஃபிக் கெஸ் (சிஸ்டத்தோட பேர கண்டுபிடிக்குதது), கான்ஃபிக் சப் (அந்தப் பேர சரிபாக்குதது) ரெண்டு ஃபைலும் அரதப்பழசு. புதுச எடுத்துப் போட்டா ஹைக்கூவ அதுவே கண்டுபிடிச்சிரும், ரெண்டு நிமிச வேலை. நீங்களே சொந்தமா எழுதுன ஓஎஸ்ஸுன்னா கான்ஃபிக் சப்ல பேர் சேக்கணும், அப்புறம் பின்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர்), அப்புறம் ஜிசிசி (கம்பைலர்), இந்த வரிசைல தான் போவணும், குறுக்கு வழி கெடையாது.

சரி பொய்ய எடுத்தாச்சு, கிராஷ் மட்டும் போகல. ராத்திரி கரண்ட் வேற போய்ட்டு, லேப்டாப் பேட்டரில உக்காந்து டீபக்கர்ல பாத்தோம், 2147459069-னு ஒரு நம்பர். ஃபைல தொறந்து படிக்குத ஃபங்ஷன் 214 கோடி பைட்டு படிச்சாச்சுன்னு சொல்லுது, அந்த ஃபைலே அங்கன இல்ல! பெரும்பாலான யூனிக்ஸ் சிஸ்டத்துல எர்ரநோ, அதாவது என்ன தப்புன்னு சொல்லுத நம்பர், எல்லாம் பாசிட்டிவ், ஃபைல் இல்லன்னா 2. யூனிக்ஸ் மாதிரி சிஸ்டத்துக்கான பொது விதி போசிக்ஸும் பாசிட்டிவா தான் இருக்கணும்ங்குது. ஹைக்கூல பீஓஎஸ் வழியா வந்ததால அதெல்லாம் நெகட்டிவ், ஃபைல் இல்லன்னா மைனஸ் 2147459069. இப்ப நம்ம ஆளுங்க எழுதுத கோடுல தப்பு வந்தா எர்ரநோவுக்கு முன்னால ஒரு மைனஸ் போட்டு திருப்பி அனுப்புவாங்க, கூப்புட்டவன் ஜீரோவுக்குக் கீழ இருக்கான்னு பாப்பான். மைனஸுக்கு மைனஸ் பிளஸ் ஆயிரும்லா, தப்பு நடந்தது வெற்றின்னு ஆயிட்டு. கம்பைலர் ஒரு வார்னிங் கூட குடுக்காது.

இதுக்குன்னு போசிக்ஸ் எரர் மேப்பர்னு ஒரு லைப்ரரி இருக்கு, அதோட சேத்து ஒரு மேக்ரோவும் போட்டா எர்ரநோ பாசிட்டிவ் ஆயிரும். ஆனா ப்ரோக்ராம்ல பாதிக்குப் போட்டு பாதிக்கு விட்டீங்கன்னா முன்ன இருந்தத விட மோசம். முடிஞ்சா கோடையே திருத்துங்க.

32 பிட் ஹைக்கூவா? அங்கன டீஃபால்ட்டா இருக்கது ஜிசிசி 2.95, 1999-ல வந்தது, பழைய பீஓஎஸ் ப்ரோக்ராம் ஓடணும்னு வச்சிருக்காங்க. சி கோடுல பிளாக்குக்கு நடுவுல வேரியபிள் டிக்ளேர் பண்ணுனாக் கூட ஒத்துக்கிடாது. செட்ஆர்ச்னு ஒரு கமாண்ட் போட்டு புது கம்பைலருக்கு மாறிக்கிடுங்க. ஒண்ணுல பண்ணுன சி பிளஸ் பிளஸ் லைப்ரரிய இன்னொண்ணோட லிங்க் பண்ணாதீங்க, ரெண்டோட ஏபிஐயும் (ABI, கம்பைல் ஆன கோடு ஒண்ணோட ஒண்ணு பேசுத முறை) வேற வேற. 64 பிட்ல இந்தச் சவமே கெடையாது, புது ஆளுங்க அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்.

லிங்க் பண்ணும்போது பழக்க தோசத்துல லிப்எம் (கணக்கு), லிப்பித்ரெட் (த்ரெட்)னு அடிக்க வேண்டாம், அதெல்லாம் ஹைக்கூவோட அடிப்படை லைப்ரரி லிப்ரூட்குள்ளயே இருக்கு. சாக்கெட் மட்டும் லிப்நெட்வொர்க்ல. இன்ஸ்டால் பாதைய யூஎஸ்ஆர் லோக்கல்னு கோடுக்குள்ள எழுதி வைக்காதீங்க, ஹைக்கூல பேக்கேஜ் எல்லாம் ரீட் ஒன்லியா மவுண்ட் ஆவுது, நான்-பேக்கேஜ்டுன்னு தனி ஃபோல்டர் உண்டு, எழுதணும்னா அங்க தான்.

கடைசியா ஒண்ணு. ஹைக்கூன்னா இத பண்ணுன்னு எடத்துக்கெடம் இஃப்டெஃப் போட்டு வைக்காதீங்க, அந்த ஃபங்ஷன் இருக்கா இல்லையான்னு கான்ஃபிகர்லயே டெஸ்ட் பண்ணுங்க, அது அடுத்த சின்ன ஓஎஸ்காரனுக்கும் உதவும், ஒரிஜினல் ப்ராஜெக்ட்காரங்களும் முகம் சுளிக்காம வாங்கிக்கிடுவாங்க. தம்பி 17 இஃப்டெஃப் போட்டு வச்சிருந்தான். இப்ப 3 தான் மிச்சம், அதுல ஒண்ணு எதுக்குன்னு அவனுக்கே ஞாபகம் இல்லையாம்.