ஒட்டோமற்றிக் காரின் கியர் பொக்ஸைக் கழற்ற முதல்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் கொறோலா 110, 121, நிசான் சனி போன்ற இருபது, இருபத்தைந்து வருடக் கார்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் நாளாந்தம் ஓடுகின்றன. கியர் கொஞ்சம் முரண்டு பிடித்ததும் "பொக்ஸ் போட்டுது, றீகண்டிசன் ஒன்று போடுவம்" என்பார்கள். அதற்குச் சம்மதிக்க முதல் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

முதலில் கியர் பொக்ஸ் ஒயில். பதினைந்து நிமிடமாவது ஓடிச் சூடேறிய பிறகு சமதரையில் நிறுத்துங்கள். ஹாண்ட்பிறேக் போட்டு, பிறேக்கை மிதித்தபடி பி இலிருந்து எல் வரை ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு செக்கன் விட்டு, மீண்டும் பி க்கு வாருங்கள். எஞ்சின் ஓடட்டும். கியர் ஒயில் அளவுக் குச்சியைத் துடைத்து, முழுதாக இறக்கி எடுத்தால் 'ஹொட்' கோடுகளுக்குள் நிற்கவேண்டும். ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்ப்பதுதான் முறை. குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். வளைவில் திரும்பும்போது கியர் நழுவுவது, அதாவது எஞ்சின் இரைந்தும் கார் இழுக்காதது, அதன் அடையாளம். கூடினாலும் நுரைத்து அதே கேடுதான்.

குச்சி நுனியை வெள்ளைத் துணியில் ஒற்றுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. மண்ணிறமானால் மாற்றும் காலம். கறுத்து, கருகல் மணத்தோடு துகளும் கையில் பட்டால் பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் எரிந்துவிட்டன. புது ஒயில் அதைச் சுகப்படுத்தாது. பால் கலந்த இளஞ்சிவப்பு என்றால் தண்ணீர். றேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் கூலர் வெடித்திருக்கலாம், அல்லது மாரி வெள்ளத்தில் ஓடியபோது உள்ளே போயிருக்கலாம். தட்டுகளில் ஒட்டியிருக்கும் கடதாசி போன்ற படலத்தைத் தண்ணீர் உரித்துவிடும். அந்தக் காரை ஸ்ரார்ட் பண்ணவே வேண்டாம்.

டி க்குப் போடும்போது "டொக்" என்று அடித்தால் உடனே பொக்ஸைக் குறை சொல்லாதீர்கள். ஐடிலிங் கூடியிருக்கிறதா, எஞ்சின் மவுண்டிங் றப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பொனற்றைத் திறந்து வைத்து, பிறேக்கை இறுக்கி மிதித்தபடி ஒருவர் டி, ஆர் மாற்ற, மற்றவர் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்தால் போதும். காருக்கு முன்னால் நிற்கவேண்டாம். காலையில் டி போட்டு இரண்டு மூன்று செக்கன் கழித்துத்தான் பிடிக்கிறது, சூடானதும் சரியாகிறது என்றால் உள்ளே சீல்கள் இறுகிவிட்டன. அது கழற்றித்தான் செய்யவேண்டிய வேலை.

110 கொறோலாவில் எஞ்சினிலிருந்து கியர் பொக்ஸுக்குப் போகும் திறொட்டில் கேபிளையும் பாருங்கள். அக்சிலேற்றரை முழுதாக மிதித்த நிலையில் கேபிளின் றப்பர் உறைக்கும் அதிலுள்ள ஸ்ரொப்பருக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீற்றர். கேபிள் தளர்ந்தால் பொக்ஸில் ஒயில் அழுத்தம் குறைந்து, கியர் நேரத்தோடு ஏறி நழுவும், தட்டும் தேயும்.

டாஷ்போட்டில் 'ஓ/டி ஓஃப்' (ஓவர்டிறைவ் ஓஃப்) லைற் தானாக மின்னினால் கம்பியூட்டர் பிழை ஒன்றைப் பதிந்திருக்கிறது. பழைய ரொயோட்டாக்களில் எஞ்சின் பக்கம் இருக்கும் கறுப்பு டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் கம்பியால் இணைத்து, ஓவர்டிறைவைப் போட்டு, சாவியை ஓன் மட்டும் செய்யுங்கள். அந்த லைற் மின்னிக் காட்டும் பிழை இலக்கங்களில் 42, 61 வேக சென்சர்; 62, 63, 64 சொலனொயிட் (ஒயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு). இவற்றை முழு பொக்ஸையும் கழற்றாமலே மாற்றலாம்.

ஒயில் மாற்றும்போது மெஷினால் முழுதாகத் தள்ளுவதை நாங்கள் விரும்புவதில்லை. வடித்தால் சுமார் 3 லீற்றர்தான் வரும், மிச்சம் எஞ்சினையும் பொக்ஸையும் இணைக்கும் கொன்வேட்டரில் நிற்கும். இடையிடையே ஓடி, மூன்று தரம் வடித்து ஊற்றினால் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு புதிதாகிவிடும். பொக்ஸின் அடியிலுள்ள ஒயில் சட்டியை (சம்ப்) கழற்றினால் காந்தத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை வழமையானது, இரும்புச் சீவல் ஆபத்து. 110 க்கு டெக்ஸ்றன் ஒயில், 121 க்கு ரைப் ரி-4 ஒயில். பெல்ற்றில் ஓடும் சிவிரி பொக்ஸுக்கு இவை இரண்டுமே கூடாது.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை. இங்கே நன்றாக ஓடும் பொக்ஸ் மாத்தளை தாண்டிக் கண்டி ஏறும்போதுதான் நழுவும். தூரப் பயணத்துக்கு முன் ஆட்களை ஏற்றி ஆனையிறவுப் பக்கம் 70 இல் சீராக ஓடுங்கள். கால் மாறாமல் ஆர்பிஎம் சிறிது இறங்கி நிற்கவேண்டும். பிறேக்கை மெல்லத் தொட்டால் ஏறவேண்டும். அதுதான் லொக்-அப் (கொன்வேட்டர் எஞ்சினோடு நேராகப் பூட்டிக்கொள்வது) வேலை செய்வதன் அடையாளம்.

பற்றறி இறங்கினால் தள்ளி ஸ்ரார்ட் பண்ண முடியாது, பம்ப் எஞ்சினோடுதான் சுற்றும். முன் சில்லுகளால் ஓடும் இந்தக் கார்களைக் கட்டி இழுக்கவேண்டி வந்தால் முன் சில்லுகளைத் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லையேல் லொறியில் ஏற்றுங்கள்.