அமில ரேடிகலின் இணைதிறனை மனப்பாடம் செய்யாமல் கண்டுபிடிக்க

சல்ஃபேட்டுக்கு 2, நைட்ரேட்டுக்கு 1, பாஸ்பேட்டுக்கு 3 என்று பட்டியலை உருப்போட்டுப் பரீட்சை அறையில் குழம்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ரேடிகல், அதாவது ஹைட்ரஜன் போனபின் அமிலத்தில் மிஞ்சும் பகுதி, எந்த அமிலத்திலிருந்து வந்தது என்று மட்டும் பாருங்கள். அமிலம் இழந்த ஹைட்ரஜன் எத்தனையோ, அதுதான் இணைதிறன், அதாவது மற்றவற்றோடு சேரும் திறனைக் காட்டும் எண். சல்ஃபியூரிக் அமிலத்தில் 2 ஹைட்ரஜன், இரண்டும் போனால் மிஞ்சுவது சல்ஃபேட், அதற்கு 2. நைட்ரிக்கில் 1, பாஸ்பாரிக்கில் 3, அவ்வளவுதான்.

இதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். கார்பானிக் அமிலத்தில் 2 ஹைட்ரஜன் இருக்கிறது, இரண்டையும் எடுத்தால் கார்பனேட், இணைதிறன் 2, சோடியத்துக்கு 1 என்பதால் இரண்டு சோடியம் சேர வேண்டும், அது சலவை சோடா. ஒன்றை மட்டும் எடுத்தால் பைகார்பனேட், இணைதிறன் 1, ஒரு சோடியமே போதும், அதுதான் மாவில் போடும் ஆப்ப சோடா! ஒரே அமிலம், இரண்டு சோடா.

சரி, ஒரு இடத்தில் கவனம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தில் 4 ஹைட்ரஜன் உண்டு, ஆனால் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கும் ஒன்றுதான் கழன்று வரும், மற்ற மூன்றும் கார்பனை விடாது. அதனால் அசிட்டேட்டுக்கு 1 தான், 4 என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் சேர்மத்தின் வேதி வாய்பாடு எழுதும்போது இணைதிறன் எண்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள்: அலுமினியம் 3, சல்ஃபேட் 2, ஆகவே அலுமினியம் இரண்டு, சல்ஃபேட் மூன்று. கால்சியம் கார்பனேட் மாதிரி இரண்டுமே 2 என்றால் சுருக்கி ஒன்றுக்கு ஒன்று.